மொட்டைக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு கேன்சர் டாக்டரின் அறைக்குள் நுழைந்தோம் — அத்தை, மாமா, நான். டாக்டரம்மா நிமிர்ந்தார். அத்தையின் தலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யாரைக் கேட்டு வெளிய கீமோ எடுத்தீங்க?"

பிறகு மாமாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"மூணு பேருமா எடுத்தீங்க?"

அவர் மேல் தப்பில்லை. மூன்று தலைகளும் ஒரே மாதிரி பளபளத்தன. சந்தனம்கூடச் சரியாகப் போகவில்லை.

விஷயம் இதுதான். அத்தை களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர். மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. அடுத்து கீமோ வேண்டுமா, மாத்திரையே போதுமா? அதைத் தெரிந்துகொள்ள, எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது பயோடெக். அது போதாதா? எங்கள் தெருவுக்கு நான் முக்கால் டாக்டர்!

அதனால் மாமாவுக்கு நான்தான் விளக்கினேன். வயலில் கோரையைப் பிடுங்குகிறோம். மேலே சுத்தமாகிவிடுகிறது. ஆனால் அடியில் கிழங்கு கிடந்தால்? மறுபடி முளைக்கும். கேன்சர் கட்டியிலும் ஸ்டெம் செல் குணம் கொண்ட சில செல்கள் உண்டு — அவைதான் கிழங்கு. அந்தக் குணத்தைக் கொடுக்கிற ஜீன்கள் விழித்திருக்கின்றனவா, தூங்குகின்றனவா? அதைப் பார்த்துத்தான் நோய் திரும்பி வருமா என்று கணிக்கிறார்கள்...

மாமா கண் இமைக்காமல் கேட்டார்.

"எல்லாம் வெளங்கிட்டு மருமவனே. முடி கொட்டுமா, கொட்டாதா?"

"கீமோ குடுத்தா கொட்டும் மாமா. ஆனா மொதல்ல ரிப்போர்ட் வரட்டும்..."

"எப்படியும் கொட்டத்தான போவுது? ஆஸ்பத்திரி குப்பைக்குப் போறத சாமிக்குக் குடுத்துருவோம்லே!"

இந்த லாஜிக்கை எந்த யுனிவர்சிட்டியில் சொல்லித் தருகிறார்கள்? மறுநாளே சாஸ்தா கோயிலில் அத்தை மொட்டைக்கு உட்கார்ந்தார். துணைக்கு மாமா. "நீ மட்டும் என்னலே வேடிக்கை பாக்க? அத்தைக்கு நீ ஒறவு இல்லையா?" என்றார் மாமா. நானும் உட்கார்ந்தேன்.

இத்தனையையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார்.

"நல்ல செய்தி. அந்த மாதிரி ஜீன் எல்லாம் அடங்கித்தான் இருக்கு. திரும்ப வர வாய்ப்பு குறைவு. கீமோ வேண்டாம், மாத்திரை போதும்."

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டாமா? அறை இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

"வேண்டாமா?" என்றார் மாமா. "மொட்டை போட்டாச்சேம்மா!"

"அதனால?"

"அதனால... கொஞ்சமாச்சும் ஏத்துங்க. ஒரு பாட்டிலு."

"இது தீர்த்தம் இல்லைங்க, மருந்து. தேவையில்லாம ஏத்தினா கெடுதல்."

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தார். "திரும்ப வரவே வராதுன்னு அதுல போட்டிருக்காம்மா?"

"அப்படி எந்த ரிப்போர்ட்லயும் போட மாட்டாங்கம்மா. இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்ல. உங்களுக்குன்னு தனியா சத்தியம் பண்ண முடியாது. செக்கப்புக்கு விடாம வரணும்."

"பாத்தியாலே!" மாமா என் பக்கம் திரும்பினார். "சத்தியம் பண்ண மாட்டேங்காங்க. நான் சொல்லுதேன், ஏத்திருவோம்."

அவர் கை மேஜை விளிம்பை விடாமல் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மொட்டை வீணாகப் போகிறதே என்பதா அவர் கவலை? இல்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பதற்குத்தான் பயம். நாம் அப்படித்தானே? ஊசி போடாத டாக்டரை நம்மில் எத்தனை பேர் மதிக்கிறோம்? வலித்தால்தான் வைத்தியம். வலிக்கவில்லையா... ஏதோ மறைக்கிறார்கள்!

அத்தை மாமாவின் கையைப் பைய எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு மாத்திரை போதும். ஒங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா நீங்க ஏத்திக்கிடுங்க. மொட்டைதான் ரெடியா இருக்குல்லா?"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் பேனா கீழே உருண்டது. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

ஊர் திரும்பினால் அது ஒரு தனிக் கூத்து. "கீமோ முடிஞ்சிட்டா? பாவம், முடியெல்லாம் போச்சே" என்று ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகத் தெருவே வந்துவிட்டது. கீமோவே கொடுக்கவில்லை என்றால் யாரும் நம்பவில்லை. டீக்கடை அண்ணாச்சி மாமாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். "இல்ல வே... பக்கத்துல இருந்தவங்களுக்கே கொட்டிட்டுல்லா?" கேன்சரும் ஒட்டாது, மொட்டையும் ஒட்டாது என்று முக்கால் டாக்டரான நான் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். என் தலையைப் பார்த்துவிட்டு எனக்கும் பேப்பர் கப் நீட்டினார்.

நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். தலையில் எள் தூவியது போல முடி. என் கையைப் பிடித்து அதில் தேய்த்தார்.

"குத்துதாய்யா?"

"குத்துது அத்தை."

"இதுக்கும் அடியில அந்தக் கெழங்கு இருக்குமோ?"

"இருக்கு. முடி வேர்லயும் ஸ்டெம் செல் உண்டு. இது நல்ல கெழங்கு."

"அப்ப மொளைக்கட்டும்" என்றவர், மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தோட்டத்துக்குக் கிளம்பினார்.

மாமா தலையில் மட்டும் முளைக்குமா என்ற ரிப்போர்ட் இன்னும் வரவில்லை!