வேரோனிக்கா மூடின போத்தல்

கஸ்பருக்கு அறுபத்துமூண்டு வயசு. இருபத்தாறு வருசமா மிசிசாகாவிலை எயார்போட்டிலை மற்றவையின்ரை பெட்டி தூக்கி நாரி போச்சுது. இப்ப வேலையை விட்டு ரூஜ் எண்ட இடத்திலை வீட்டோடை. கண்ணாடிப் போத்தலுக்குள்ளை பாசியும் குட்டிப் பன்னச் செடியும் நட்டு மூடிவைக்கிறதுதான் வேலை. யன்னலடியிலை பதினாலு போத்தல்.

"பூஞ்சணம் வராமல் என்ன மருந்து அண்ணை போடுறியள்?" எண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியக் கேக்காத ஆள் இல்லை.

"ஒரு கோதாரியும் இல்லை. அடியிலை கல்லு, அதுக்கு மேலை கரி, பிறகு மண். தண்ணி கரண்டியாலை. கண்ணாடியிலை பனி பிடிச்சால் மத்தியானத்துக்கிடையிலை காயவேணும். காயாட்டித் திறந்து விடு. செத்த இலை ஒண்டும் உள்ளை கிடக்கக்கூடாது, சாமணத்தாலை நுள்ளி எடு. சனம் எங்கை கேக்குது? ஊத்து ஊத்தெண்டு ஊத்துது."

ஒரேயொரு போத்தலிலை அவரே அந்தச் சட்டத்தை மீறினவர்.

போன வருசம் குருத்து ஞாயிறு. மனிசி வேரோனிக்கா மந்திரிச்ச குருத்தோலையைச் சிலுவையா மடிச்சு, தான் நட்ட பாசிக்கு நடுவிலை குத்தினா. காயிற ஓலை அந்த ஈரத்திலை பூஞ்சணம் பிடிக்குமெண்டு கஸ்பருக்குத் தெரியும். வாய் திறக்கேல்லை. மந்திரிச்ச ஓலையைப் பற்றி அவவோடை ஆர் வாதாடுறது? அவ உள்ளை ஒரு ஊதல் ஊதி, "இவைக்கும் காத்து வேணுமெல்லே" எண்டு சிரிச்சுக்கொண்டு மூடியை இறுக்கினா. மூண்டாம் கிழமை ஆஸ்பத்திரி. திரும்பி வரேல்லை.

பிறகு அந்த மூடியிலை ஆரும் கை வைக்கேலாது. காலமையிலை உள்பக்கம் பனி பிடிக்கும், ஆரோ வாய் வைச்சு ஊதின மாதிரி வட்டமா. யன்னல் குளிர்தான் காரணம். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுற மனிசனுக்கு அது தெரியாதே? தெரிஞ்சும் ரெண்டொரு தரம் "வேரோனி" எண்டு கூப்பிட்டும் பாத்தவர்.

இந்த மாசியிலை, விபூதிப் புதனுக்கு எரிச்சுச் சாம்பலாக்கக் கோயில்லை பழைய குருத்தோலை சேர்க்கினமெண்டு அஜக்ஸிலை இருந்து மகள் அனோஜா வந்தாள். போத்தலைப் பாத்தாள்.

"ஓ மை கோட், அப்பா. சிலுவைக்குத் தாடி முளைச்சிருக்கு."

"உதைத் தொடாதை."

"பாசியிலையும் இறங்கிட்டுது. வேறை ஆரும் கொண்டுவந்தால் என்ன சொல்லுவியள்?"

"திறக்கச் சொல்லுவன்."

"பின்னை?"

"உள்ளை இருக்கிறது கொம்மாவின்ரை மூச்சடி. திறந்தால் போயிடும்."

அனோஜா கண்ணாடிக்குக் கிட்டக் குனிஞ்சு பாத்தாள். பிறகு, "அம்மா நட்ட பாசி சாகுது அப்பா" எண்டாள்.

கஸ்பர் போத்தலை மடியிலை வைச்சார். மூடி சுலபமா வரேல்லை. வந்த உடனை போத்தல் வாயிலை முகத்தைப் புதைச்சு, உள்ளை இருந்த காத்து முழுக்க இழுத்தார். உக்கின ஓலை மணம். வேறை ஒண்டும் இல்லை.

"ஐயோ, பூஞ்சணம்! மாஸ்க்கைப் போடுங்கோ!"

இழுத்த மூச்சை அவர் விடேல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைச்சுது.

"அப்பா. மூச்சை விடுங்கோ."

விட்டார். கன நேரமா இருமினார். பிறகு கையை நீட்டி, "சாமணத்தைத் தா" எண்டார்.