மதிலுக்கு வெளியே ஒரு மருதாணி

எங்கள் வீட்டு மதிலுக்கும் தெருச் சாக்கடைக்கும் இடையே கிடக்கும் மண் எங்களுடையதன்று; மாநகராட்சிக்கு உரியது. அதில் என் மனைவி மருதாணி வைத்தபோதே இதை எடுத்துச் சொன்னேன். பொது நிலத்தில் அனுமதியின்றி எதையும் நடலாகாது என்ற விதியையும் சொன்னேன். கன்னிவாடியிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த குச்சியை ஊன்றியபடி, நிமிராமலே அவள் பதில் சொன்னாள்.

"யாராச்சும் கேட்டா, தானா மொளச்சதுன்னு சொல்லிட்டாப் போச்சு. நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருங்க, அம்புட்டுத்தான்."

பல ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை. செடி மதிலைத் தாண்டி உயர்ந்தது. அடி பருத்து, மரம் என்றே சொல்லும்படி ஆயிற்று. எங்கள் தெருவில் கல்யாணம் என்றாலும், பேகம்பூரில் பெருநாள் என்றாலும் பெண்கள் வந்து இலையை உருவிக்கொண்டு போவார்கள். ரோட்டில் நிற்பதற்கு நாம் என்ன காவலா என்பாள் அவள். பள்ளி ஆசிரியையான அவள், விடுமுறை நாள்களில் தானும் அரைத்து இட்டுக்கொண்டு, விரல்களை விரித்தபடி உட்கார்ந்திருப்பாள். அப்போது அவள் வாயருகே காபியைப் பிடிப்பதும், சரிந்த மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவதும் என் வேலை. அந்த வேலைக்காக நான் காத்திருந்ததை அவளிடம் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். மருத்துவமனையில் நான் பற்றியிருந்த கையில் நகங்களின் நுனி மட்டும் சிவந்திருந்தது. அடிப்பகுதி வெறுமையாய் வளர்ந்திருந்தது.

இவ்வாண்டு மழைக்கு முன் சாக்கடையை அகலப்படுத்த வேண்டுமென்று உதவிப் பொறியாளர் அளக்க வந்தார். இளம்பெண், பணிவாகப் பேசினார்.

"வீட்டுக்காரங்க வச்ச செடின்னா எடுத்துத்தான் ஆகணும் சார். தானா வளந்த மரம்னா அது எங்க கணக்கு. நம்பர் போட்டுட்டுக் கோட்டைக் கொஞ்சம் வளைச்சுக்கலாம். இது யாரு வச்சது?"

எதிர்வீட்டு அம்மாள் வாசலிலிருந்தே முந்திக்கொண்டார். "வேற யாரு, அந்த டீச்சரம்மாதான்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மாதான் தண்ணி ஊத்தும்" என்று முடித்தார்.

அவள் வைத்தது என்று பிறர் காதுபடச் சொல்வதற்கு இந்த ஓராண்டில் எனக்கு வாய்ப்பே அமையவில்லை. அமைந்தபோது சொல்லக்கூடாததாக இருந்தது.

"தானா மொளச்சது" என்றேன். கல்லூரியில் காலமெல்லாம் பாடம் சொன்னவன், அவளுடைய பேச்சிலேயே அதைச் சொன்னேன்.

பொறியாளர் குனிந்து அடிமரத்தைப் பார்த்தார். "மருதாணி அப்பிடி மொளைக்குமா சார்?" என்றவர், விடைக்குக் காத்திராமல் ஆளைக் கூப்பிட்டு எண் எழுதச் சொன்னார்.

சாக்கடை எங்கள் மதிலருகே சற்று விலகிப் போகிறது. அடிமரத்தில் வெள்ளைப் பட்டையும் அதன்மேல் எண்ணும் இருக்கின்றன. இனி ஒரு கிளையை வெட்டவும் நான் அனுமதி பெற வேண்டும். படுக்கையறை ஜன்னலை உரசும் கிளைக்காக இதுவரை விண்ணப்பிக்கவில்லை.

சென்ற வாரம், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி மதிலுக்கு அப்பால் நின்று, பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ரோட்டில் நிற்பதுதானே, பறித்துக்கொள்ளம்மா என்றேன். மடி நிறைய இலையோடு போனாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.