அஞ்சலாட்சி போட்ட கையெழுத்து

அஞ்சலாட்சி இறந்து பதினாறு நாளாகிறது. வேலை பார்த்த மில் மூடிய பிறகு கணவர் வைத்தது அவளுடைய பஞ்சர் கடை. அவர் போன பின் பதினெட்டு வருஷம் தனியாக நடத்தினாள். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையோரம்.

போன ஆடி மாதம் ஜல்லி ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று, கடைக்கு நூறடி தள்ளி வலது பின் டயர் வெடித்து நின்றது. அன்று காலை அதற்குக் காற்று அடித்தவள் அவள்தான். ஸ்டெப்னியை மாட்டி முடிப்பதற்குள் வண்டி முதலாளி இராமதாஸ் ஒரு தாளோடு வந்துவிட்டார்.

"ஏம்மா, காத்து கொறவா அடிச்சிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இன்சூரன்சுக்கு வேணும்."

"நாலு கிலோ அடிச்சேன்."

"நீ சொன்னா ஆச்சா? போடலன்னா இந்த ரோட்ல உனக்குக் கடை இருக்காது."

அஞ்சலாட்சி ஸ்டெப்னியை முடுக்கிவிட்டு, வெடிக்காத இடது பின் டயரில் மீட்டரை வைத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். நாலு. பிறகு அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரில் கோலமாவு தடவி, அடியில் கறுப்பு டியூப் துண்டை விரித்து இறக்கினாள்.

டிரைவர் சிலம்பரசன் சிரித்தான். "இன்னாக்கா, வண்டிக்குக் கோலமா?"

"ஒம் மொதலாளிக்கு. டேப்பைப் புடி."

மறுபடி தூக்கியபோது டியூபில் வெள்ளையாக ஒரு தடம். அகலம் பதினைந்து சென்டிமீட்டர், நீளம் இருபது.

"பில்லுல எவ்ளோ ஜல்லி?"

"ஒரு டன்," என்றார் இராமதாஸ்.

"அப்போ வண்டியோட சேத்து இந்தச் சக்கரத்துமேல எண்ணூறு கிலோ. நாலு கிலோ காத்துன்னா ஒரு சதுர சென்டிமீட்டர் நாலு கிலோ தாங்குது. எண்ணூற நாலால வகுத்தா எரநூறு. தடம் அவ்ளோதான் இருக்கணும். இங்க பதினஞ்சுக்கு இருபது, முந்நூறு கெடக்குது."

"அதுக்கு?"

"சக்கரத்துக்கு நானூறு கிலோ கூட ஏத்தியிருக்கீங்க மொதலாளி. வெடிக்காம இன்னா பண்ணும்?"

பொறியியல் படித்த அவள் மகள் பின்னால் இந்தக் கணக்கைச் சரிபார்த்தாள். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் சுமக்கும். அதைச் சேர்த்தால் பாரம் இன்னும் கூடுமே தவிர குறையாது.

இராமதாஸ் குரலை இறக்கினார். "போட்டுடும்மா. உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"குடு."

தாளை வாங்கி வண்டியின் பானட்டில் வைத்தாள். காற்று நாலு, தடம் முந்நூறு, பாரம் ஆயிரத்து இருநூறு என்று எழுதினாள். கீழே முழுப்பெயரையும் கடை விலாசத்தையும் போட்டு நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. அவருடைய ஆறு வண்டிகளும் அதன்பின் அந்தப் பக்கம் நிற்கவில்லை. கடை மட்டும் நின்றது. சாகிற நாள் காலையிலும் ஷட்டரை அவளேதான் தூக்கினாள்.