இரண்டு தடவை செத்த வில்லன்

போன சனிக்கிழமை, ஒரு கார்ட்டூன் வில்லன் சாவதைப் பார்ப்பதற்காக இரத்தினபுரியில் பஸ் ஏறி, நிவித்திகலவுக்கு மேலே இருக்கும் அக்கா குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

சிரிக்காதீர்கள். தலை நரைத்த மனுசனுக்குக் கார்ட்டூன் கேட்கிறதா என்று என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். கொட்டுகிற மழை வேறு. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த வில்லன் சாவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அவன் செத்த அன்று அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை.

வில்லன் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் எடுத்த தொடர். தமிழில் டப்பிங் செய்து சனிக்கிழமை சாயங்காலங்களில் போட்டார்கள். எதிர்காலத்து நகரம் ஒன்று. எந்நேரமும் மழை — அதில் நமக்குப் புதுசாக ஒன்றுமில்லை, இரத்தினபுரிக்காரன் பார்த்தால் சொந்த ஊர் என்றுதான் நினைப்பான். வானத்தை முட்டும் கட்டடங்கள், கலர் கலராக லைட் போர்டுகள். அந்த நகரம் மொத்தமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். தண்ணீர் கம்பெனியுடையது. வெளிச்சம் கம்பெனியுடையது. மெஷினில் கை போனவனுக்கு இரும்புக் கை மாட்டிவிடுவார்கள்... அந்தக் கையும் கம்பெனியுடையதுதான்! வேலை பிடிக்கவில்லையா, தாராளமாகப் போகலாம். கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் கம்பெனியின் தலைவன்தான் நம் வில்லன். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பான். ஒருநாளும் கத்த மாட்டான். கையைக் கழற்றச் சொல்லும்போதும் குழைந்துதான் பேசுவான். “நாம் எல்லோரும் ஒரே குடும்பம், இல்லையா?”

தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அவனுக்கு ‘வெள்ளைக்கோட்டுத் தொரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டத்துக்கு வந்த மனேஜர்மாருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துப் பழகிய வாய்கள் அல்லவா, சும்மா இருக்குமா? “தொரை பேச்சு ஹரி ஷோக், ரொம்ப ஜோரு, என்ன?” என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பெரியவர்களுக்கும் இதே பேச்சாம்.

அந்த ஷோக்கான குரல் என் அக்கா மகன் தயாளனுடையது.

மச்சானை — அக்காவின் புருசனை — உங்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஃபெக்டரியில், ரோலிங் மெஷின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவர். அந்த இரைச்சலில் இடது காது போயே போய்விட்டது. ஆனாலும் தோட்டத்துக் கம்பெனி மீது அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தயா ஏ.எல். பரீட்சை எழுதி முடித்ததும், தோட்டத்து மனேஜர் தொரையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மகனுக்கும் ஃபெக்டரியில் பேர் பதிய அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி வந்தார்.

“நெழல்ல வேலைடா. மலையில அட்டைக்கடி இல்ல, மழ இல்ல.”

“எனக்கு வேணாம்ப்பா.”

“தொரைகிட்ட நான் வாக்குக் குடுத்துட்டேன்டா!”

“நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலியே.”

அவ்வளவுதான். மச்சான் எழுந்து கத்தினார். “போடா வெளியே! இனி ஒன் கொரல் இந்த வீட்டுல கேக்கக் கூடாது!”

நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? கோபம் வந்தால் அப்பன்மார் எல்லாரும் சொல்வதுதான். ‘என் மூஞ்சியில் முழிக்காதே’ என்பார்கள். ‘நான் செத்தாலும் வராதே’ என்பார்கள். மச்சானுக்குப் பாதிக் காது போனதாலோ என்னவோ, குரலைப் பிடித்துக்கொண்டார். அன்றே தயா கொழும்புக்குப் போய்விட்டான். ஹார்ட்வெயார் கடையில் நின்றான், பிறகு யாரோ அவன் குரலைக் கேட்டு டப்பிங்குக்குக் கூட்டிப் போனார்கள். அம்மாவோடு மட்டும் போனில் பேசுவான். போன் அடித்தால் மச்சான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார். மழை பெய்தாலும் போவார்.

கம்பெனியில் பேர் பதிய மாட்டேன் என்று ஓடியவன், கடைசியில் கம்பெனிக்கே தலைவனாகிவிட்டான் பாருங்கள்... கார்ட்டூனில்!

அக்கா அதை மச்சானிடம் சொல்லவே இல்லை.

“அவருக்கு அது தயா கொரல்னு தெரியுமாக்கா?” என்று கேட்டேன்.

“நான் வாயத் தொறக்கல தம்பி. ஆனா நீயே சொல்லு... டிவி பாக்குற மனுசன் டிவியில்ல பாக்கணும்? இவரு சனிக்கெழம ஆனா நாக்காலியப் போட்டுக்கிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்திருக்காரு.”

எனக்குச் சுருக்கென்றது. வலது காது டிவி பக்கம் இருக்க வேண்டுமென்றால் முகம் சுவர்ப் பக்கம்தான் போகும். மச்சான் கார்ட்டூன் பார்க்கவில்லை. மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டுக்காரன் பேச ஆரம்பித்தால் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவாராம்.

பிறகு வில்லன் சாகும் நாள் வந்தது. இரும்புக் கைக்காரி ஒருத்தி அவனைக் கோபுரத்து உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறாள். லயத்துப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். விழுந்துகொண்டே அவன் கத்துகிறான் — “அப்பா...!”

அடிபட்டால், விழுந்தால் நாம் என்ன கத்துவோம்? ‘அம்மா’ என்போம். அப்பாவை யார் கூப்பிடுவார்கள்? மச்சான் எழுந்து வெளியே போய் மழையில் நின்றாராம். உள்ளே வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாராம். அக்காவுக்கும் அடுப்பு மூட்டக் கை வரவில்லை.

மறுநாள் தயாவுக்கு போன் போட்டேன்.

“அதென்னடா அப்பா?”

“ஸ்கிரிப்ட்ல வெறும் ‘ஆ’ன்னுதான் மாமா இருந்துச்சு. மேலருந்து விழுற சீன்... வாயில அதான் வந்துச்சு. டைரக்டரும் இருக்கட்டும்னு விட்டுட்டாரு.” பிறகு அவனே கேட்டான். “அப்பா கேட்டாரா மாமா?”

“கேட்டாருடா. ஒரு வார்த்த கூப்பிட்டுப் பேசேன்.”

“அவரு கூப்பிடட்டும் மாமா.”

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “அவன் கூப்புடட்டும்” என்றார். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? இரண்டு பக்கமும் ஆசை நிறைய இருக்கிறது, எப்படியும் தீபாவளிக்குள் தானாகச் சரியாகிவிடும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஆசை இருந்தால் போதும், அவசரம் வேண்டாம் என்று நினைத்தோமே... அதுதான் நாங்கள் செய்த தப்பு.

தீபாவளிக்கு முன்னால் தயாவின் தொண்டை போய்விட்டது.

வில்லன் கத்தாதவன்தான். ஆனால் அதே தொடரில் கை போய், கால் போய் அலறும் தொழிலாளிகளின் குரல்களும் இவனுடையவைதானாம். குரல்நாணில் கட்டி. ஆபரேஷன் முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறமும் குரல் வரலாம், பழைய குரல் வருமா என்பது சந்தேகம்தான்.

ஓய்வெடுக்க வீட்டுக்கு வந்தான். மச்சான் வாசலுக்கு வந்து, “வாய்யா” என்று கூப்பிட்டேவிட்டார்! எத்தனை வருடத்துக்குப் பிறகு... தயா சிரித்தான். தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான்.

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இன்னும் எங்கிட்டப் பேச மாட்டானாமா?” என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா அப்போதுதான் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னாள். ஆள் பயந்துவிடுவார் என்று அதுவரை மறைத்திருந்தாள். மச்சான் படியிலேயே உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டார். “எனக்குக் கருநாக்குடி! இவன் கொரல் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனே... பலிச்சிருச்சே!”

தயாதான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டிக்குக் காரணம் வேறு என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மச்சான் தலையை மட்டும் ஆட்டுவார்.

இதற்கிடையில் தொடரை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்கள். போன சனிக்கிழமை கடைசிப் பகுதி.

நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது மச்சான் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். தயாவைத் தன் வலது பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். செத்த காது டிவி பக்கம். அக்கா சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

இரும்புக் கைக்காரி தள்ளினாள். வெள்ளைக்கோட்டுத் தொரை விழுந்தான்.

“அப்பா...!”

தயா தலையைக் குனிந்துகொண்டான். மச்சான் டிவி பக்கம் திரும்பவே இல்லை. அவன் முழங்காலில் கையை வைத்து, “இந்தா இருக்கேன்யா” என்றார்.

தயா வாயைத் திறந்தான். வெறும் காற்றுத்தான் வந்தது.

மச்சானின் நல்ல காது இப்போது மகன் பக்கம் இருக்கிறது. மகனின் குரல்தான் டிவி பக்கம் இருக்கிறது.