எழுப்ப முடியாத பந்தி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, சபையாரே, அக்காவோடு மாவு பிசைந்த பேக்கரிச் சிநேகிதிகளே,

ஓராண்டு போய்விட்டது. இப்படியான மலர்களில் சாந்தமாக எழுதுவதுதான் வழக்கம். அமைதியாக வாழ்ந்து அமைதியாக மறைந்தார் என்று எழுதம்மா, வம்பு வேண்டாம் என்றார் மாமா. எழுதிப் பார்த்தேன். பேனை மறுத்துவிட்டது. அக்காவின் வாழ்க்கையில் நெருப்பு இருந்தது, விறகுக் கட்டை இருந்தது, முறிந்த எலும்பு இருந்தது. அமைதி இருக்கவில்லை. அவர் அதைக் கேட்டதும் இல்லை. அவர் கேட்டது விரல்நுனி அளவு பாண், ஒரு ரொட்டித் துண்டு. ஆண்டவருடைய பந்தியில் தமக்கென்று ஓர் இடம். அந்த இடத்துக்காக அக்கா நடத்திய சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். வம்பென்றால் வம்பாகவே இருக்கட்டும்.

புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் அக்கா பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறித்தார். அந்த லயத்தில் நாங்கள்தான் வேதக்காரக் குடும்பம். மாதத்தில் ஒருநாள் போதகர் மலையேறி வந்து சின்னக் கோயிலில் திருவிருந்து நடத்துவார். பெரியவர்கள் பீடத்துக்கு முன்னால் கிராதியடியில் வரிசையாக மண்டியிட்டு, கைமேல் கைவைத்து, வாங்கிச் சாப்பிடுவதை அக்கா பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். அந்தத் துண்டு எப்படி ருசிக்கும் என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு அடி வாங்கியதும் உண்டு.

தமிழர் வீடுகளைக் கொளுத்திய கலவரம் வந்த ஆடி மாதத்தில் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று. பட்டப்பகலில் லொறியில் வந்தார்கள். லயத்துக் கூரைத் தகரம் சூட்டில் வெடித்துப் பறந்தது. அப்பாவை ரோட்டில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு அடியில் புகுந்து, என்மேல் கவிழ்ந்து படுத்து, நான் கத்தாமல் இருக்க வாயைப் பொத்தினார். நான் கடித்தேன். மூன்று வயதுப் பல் சின்னதுதான்; ஆனால் பயந்த பல். வலது உள்ளங்கைச் சதை கிழிந்து என் வாய்க்குள் இரத்தம் வந்தது. மேலே மண்பாதையில் கத்தியோடு கால்கள் நடந்து போயின. அக்கா கையை எடுக்கவில்லை. கால்கள் போய் முடியும்வரை எடுக்கவில்லை.

அந்தத் தழும்பு, பிறைத்துண்டு மாதிரி, கடைசிவரை அந்தக் கையில் இருந்தது. அப்பா பிழைத்தார், பேச்சு குறைந்துபோனது. நாங்கள் கண்டிக்கு இறங்கி, கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறைக்குள் அடைந்தோம். அங்கே அக்கா பந்தியில் சேர்வதற்கான திடப்படுத்தல் பெற்று முதன்முதல் பந்திக்குப் போனார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ புள்ள, நீ கடிச்ச இடத்திலேயே கொண்டாந்து வச்சாரு" என்று காதுக்குள் சொல்லிச் சிரித்தார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் சாப்பிட்ட முகமாக இருந்தது.

பதினெட்டு வயதில் பேக்கரி வேலைக்குச் சேர்ந்தார். அடுப்பின் அனலில் புருவம் கருகும். திருவிருந்துக்குரிய பாணை ஏதாவதொரு குடும்பம் கொடுப்பது எங்கள் சபையில் வழக்கம். அக்கா பேக்கரிக்குப் போன நாளிலிருந்து அது எங்கள் வீட்டுப் பொறுப்பாகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் பெண்கள் கூடி, பாணின் ஓரத்தைச் சீவி, நடுவெள்ளையைச் சின்னச் சதுரங்களாக வெட்டித் துணியால் மூடி வைப்பார்கள். பிறகு ஆயத்த ஆராதனை. மனத்தாங்கல் உள்ளவர்கள் அதில் எழுந்து போய் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஒப்புரவாக வேண்டும். ஒப்புரவாகாதவர் மறுநாள் பந்திக்கு வரக்கூடாது. நல்ல முறைதான். எத்தனையோ வேலிச் சண்டைகள் அந்தச் சனிக்கிழமைகளில் தீர்ந்திருக்கின்றன.

அத்தானிடம் சொந்தமாக லொறி இருந்தது. நன்றாகப் பாடுவார். அவர் குரல் எழும்பினால் கோயில் ஓடு அதிரும். குரலைக் கேட்டே அம்மா பெண்ணைக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் கேலி செய்வோம். கையும் அப்படித்தான் எழும்பும் என்பது கலியாணத்துக்குப் பிறகு தெரிந்தது. அடித்தார். மரியாதையோடுதான் எழுதுகிறேன். கதிரையால் அடித்தார், பெல்ட்டால் அடித்தார், ஒருமுறை கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை வீசி அடித்தார். அயலுக்கெல்லாம் தெரியும். அது புருசன் பொஞ்சாதி விசயம் என்று அயல் சொல்லிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை அக்கா பாண் வெட்டி வைத்து, ஆயத்த ஆராதனையும் முடித்து வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. நான் கூடப் போயிருந்தேன். அத்தான் பசியோடு வந்திருந்தார். அடுப்பில் சோறு இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன். உள்ளே, பச்சைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் அக்கா குந்தியிருந்தார். தாடை ஒரு பக்கமாக இறங்கி, வாய் மூடாமல், இரத்தமும் எச்சிலும் சேர்ந்து மடியில் ஒழுகியது. அத்தான் கையில் விறகுக் கட்டை.

கண்டி ஆஸ்பத்திரியில் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். வாரக்கணக்கில் குழாயால் கஞ்சி. கட்டிய பல்லுக்குள்ளால் அக்கா முதலில் கேட்டது, வெட்டி வைத்த பாணைக் கோயிலில் கொடுத்தார்களா என்பதுதான். கொடுத்தார்கள். அத்தானும் வாங்கினார். ஞாயிறு விடியவே போய்ப் போதகர் ஐயாவின் காலடியில் விழுந்து அழுதிருக்கிறார். அழுதவரை ஐயா தூக்கிவிட்டுப் பந்தியில் சேர்த்திருக்கிறார். அக்கா வெட்டிய துண்டைத் தின்றுவிட்டு, அதே வாயால் பாட்டும் பாடியிருக்கிறார்.

அக்கா பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். திரும்பவும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. சபைப் பெரியவர்கள் வந்தார்கள். மனுசன் மனந்திரும்பிவிட்டார், வழக்கை வாபஸ் வாங்கி மன்னித்துவிடு என்றார்கள். அக்கா மறுத்தார். அப்படியானால் ஒப்புரவாகாதவர் என்றுதான் கணக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

கம்பி கழற்றியபின் வந்த முதல் திருவிருந்தில் அக்கா போய்க் கிராதியடியில் மண்டியிட்டார். நான் பக்கத்தில். தட்டு வந்தது. எனக்கு முந்தியவருக்கு வைத்தார் ஐயா. எனக்கு வைத்தார். நீட்டியிருந்த அக்காவின் கைகளைத் தாண்டி அடுத்தவருக்குப் போனார். பிறகு திராட்சரசப் பாத்திரமும் அப்படியே தாண்டிப் போனது. விரித்த கை விரித்தபடி இருந்தது, பிறைத் தழும்பு மேலே பார்த்தபடி.

நம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. கலியாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தவரைக் கைபிடித்து எழுப்பினால் தலைமுறைக்கும் பேசமாட்டோம். விறகுக் கட்டை தாடையை உடைத்தது. இது அதற்கும் உள்ளே எதையோ உடைத்தது. வீட்டுக்கு வந்த அக்கா ஏனத்தையெல்லாம் நிலத்தில் அடித்தார். பீங்கான் சில்லு கையில் ஏறியது. அம்மா அழுதபோதுதான் நிறுத்தினார். "பந்திக்கு முந்துன்னு சொல்வாங்கம்மா. நான் முந்திப் போய் உக்காந்தேன், எழுப்பிட்டாங்க" என்றார். தாடை ஒருபக்கம் இழுக்கச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு வருடக்கணக்காக ஒவ்வொரு திருவிருந்துக்கும் அக்கா வந்தார். மற்றவர்கள் எழுந்து போகும்போது வாங்கிலேயே இருந்தார். இடையில் வெளியே போனதில்லை, தலைகுனிந்ததுமில்லை. பாண் அனுப்புவதையும் நிறுத்தவில்லை. வேறு சபைக்குப் போகலாமே என்று பேக்கரிச் சிநேகிதி ஒருவர் சொன்னதற்கு, "என் வீட்டுப் பந்தியில எனக்கு இலை போடல்லன்னு அடுத்த வீட்டுல போய்க் குந்தவா?" என்று கேட்டாராம். என்னிடம் ஒருநாள் சொன்னார்: அந்த முதல் இராப்போசனத்தில் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தானாம், அவனுக்கும் கிடைத்ததாம். அத்தானுக்குக் கிடைக்கட்டும், அதைப் பறிக்க அவருக்கு ஆசையில்லை. தம் பங்கு எங்கே என்பதுதான் அவருடைய வழக்கு. நல்லவர்களுக்குக் கொடுக்கிற பரிசில்லை அது, அடிபட்டவர் ஒருவர் போட்ட சாப்பாடு என்பார். அடிபட்டவர் போட்டதில் அடிபட்டவளுக்கு இல்லையா?

ஐயா ஓய்வு பெற்றுப் போக, புதிதாக ஒரு போதகரம்மா வந்தார். அந்த நாட்களில் அத்தான் பாரிசவாதத்தில் விழுந்து, நாவலப்பிட்டியில் தங்கை வீட்டில் கிடந்தார். படுக்கையில் திருவிருந்து கேட்டிருந்தார்; அக்காவும் வரவேண்டும் என்று தங்கை மூலம் சொல்லியனுப்பியிருந்தார். போவதா விடுவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அக்கா பேக்கரியிலிருந்து அரைறாத்தல் பாணொன்றைக் கொண்டுவந்து பையில் வைத்து, "றெயிலுக்கு நேரமாச்சு, வா" என்றார்.

றெயில்வே லைனுக்குப் பின்னால் அந்த வீடு. மழை. அத்தானின் முகத்தில் ஒருபாதி செத்துத் தொங்கியது. அந்தப் பெரிய குரல் குழறியது. "வந்திட்டியா" என்று கேட்டதும், "வந்திட்டேன்" என்று அக்கா சொன்னதும் மட்டும் எனக்கு விளங்கியது. போதகரம்மா துணியை விரித்து, அக்கா கொண்டுவந்த பாணைப் பிட்டு, ஜெபித்தார். கூட வந்திருந்த சபைப் பெரியவர் அப்போது அக்கா பக்கம் குனிந்தார்.

"மன்னிச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க தங்கச்சி. போதகரம்மா இப்பவே உங்களுக்கும் தருவாங்க. எத்தனை வருசம் ஏங்கிட்டீங்க."

ஒரு வார்த்தை. சொன்னால் பந்தி திறக்கும். அறையில் எல்லாருடைய கண்ணும் அக்காவின் கோணல் வாயில் இருந்தது. அத்தானின் நல்ல கண்ணும்.

"அந்த வார்த்தைய குடுத்து இத வாங்கினா, இது கடைச் சாமானாயிடும் பெரியவரே" என்றார் அக்கா. "மன்னிக்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. இன்னும் தீர்ப்பு வரல்ல. நான் பசிச்சு வந்திருக்கேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, சீமெந்துத் தரையில் மண்டியிட்டு, கைமேல் கைவைத்து நீட்டினார்.

போதகரம்மா துணியின் பக்கம் திரும்பினார். பெரியவரை அவர் பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்து அந்தத் தழும்பின்மேல் வைத்தார். முறிந்து பொருந்திய தாடை டக்கென்று சத்தமிட, அக்கா மென்றார். மெதுவாக, நெடுநேரம். பாத்திரத்திலும் குடித்தார். யாரும் எழுப்பவில்லை.

பிறகு அத்தானுக்கு. துண்டு வாயின் செத்த பக்கத்தால் வெளியே விழுந்தது. இரண்டாம் தரமும் விழுந்தது. அத்தான் குழந்தை மாதிரி அழத் தொடங்கினார். அக்கா முழங்காலிலிருந்து எழும்பாமலே சொன்னார்: "ரசத்தில நனைச்சு நசுக்குங்க. நல்ல பக்கம் கன்னத்தோரமா வைங்க. தலைய முன்னால சாய்க்கணும், பின்னால சாய்ச்சா பொரையேறும். எனக்கு ஆஸ்பத்திரியில அப்படித்தான் குடுத்தாங்க."

அப்படியே செய்தார்கள். அத்தான் விழுங்கினார். உங்கள் கையால் ஊட்டுங்களேன் என்று அவருடைய தங்கை கேட்டார். அக்கா கேட்காதவர் மாதிரி இருந்தார்.

திரும்பி வரும்போது றெயிலில் நான் வாயை வைத்துக்கொண்டு இருக்க மாட்டாமல், அந்த ஆளோடு ஒரே பாத்திரத்தில் குடித்தீர்களே என்று கேட்டுவிட்டேன். கம்பளையில் அக்கா பையை மடியில் வைத்துத் திறந்தார். பிறகு, "அடிச்ச கையில இருந்து நான் ஒண்ணும் வாங்கல்ல புள்ள. ஆணி அடிபட்ட கையில இருந்து வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாணின் ஓரத்தைக் கடிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். அவருடைய தாடைக்கு ஓரம் ஆகாது.

அடுத்த திருவிருந்தில் அக்கா கிராதிக்குப் போனார். முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழும்பிச் செத்தது. தட்டு தாண்டிப் போகவில்லை. அத்தான் அதே வருடம் காலமானார்; சாவீட்டில் அக்கா பின்னால் நின்றார், அழவில்லை. அவரை மன்னித்தாரா என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டீர்கள். தெரியாது. அந்தத் தீர்ப்பை அக்கா தம்மோடு கொண்டுபோய்விட்டார்.

போன வருடம் புற்று தொண்டையில் வந்தது. அது ஈவு இரக்கம் பார்க்கவில்லை. சதையைத் தின்றது, குரலைத் தின்றது, கடைசியில் தண்ணீரையும் மறித்தது. சாவுக்கு முந்திய நாள் காலையில் போதகரம்மா வந்தார். அக்கா கையை விரித்தார். கை எலும்பாகிவிட்டிருந்தது, என் பல்லின் தடம் மட்டும் சுருங்கவில்லை. வைத்த துண்டை நான் எடுத்து, ரசத்தில் நனைத்து, நசுக்கி, கன்னத்தோரம் வைத்து, தலையை முன்னால் சாய்த்தேன். இறங்கியது. முகம் சாப்பிட்ட முகமாயிற்று.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் வாய் துடைத்துவிட்ட தாதிமாருக்கு நன்றி. அடக்கத்தன்று மழையில் பெட்டியைத் தூக்கிப் படியேறிய அயலவருக்கு, சிங்களச் சகோதரருக்கும் முஸ்லிம் சகோதரருக்கும் நன்றி. துண்டைத் தழும்பின்மேல் வைத்துவிட்ட போதகரம்மாவுக்கு நன்றி. அக்காவைப் பந்திக்கு வரவழைத்த அத்தானின் தங்கைக்கும் நன்றி.

வரும் ஞாயிறு நினைவுத் திருவிருந்து. பாண் எங்கள் வீட்டிலிருந்து வரும். சண்டையில் இருப்பவர்களும் வாருங்கள். அன்று அக்காவின் கையைத் தாண்டிப் போன போதகர் ஐயாவுக்கும் இந்த மலர் தபாலில் போகிறது. ஐயா, முழங்கால் வலி என்று கேள்விப்பட்டோம். முன்வரிசையில் ஒரு கதிரை போட்டு வைக்கிறோம். நீங்களும் வாருங்கள். உங்களை யாரும் எழுப்ப மாட்டோம்.

தங்கை
கட்டுகஸ்தோட்டை