தம்பி மகனின் வலது கை

தம்பி மனைவிக்கு மாட்டுங்காவில் ஒரு மாவுக்கடையில் வேலை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதுமே திரும்பப் போக வேண்டியிருந்தது. பகல் முழுக்கத் தாராவி வீட்டில் அவன் என்னோடுதான். நான் சட்டைகளுக்குப் பிசிர் நூல் வெட்டியபடியே அவனைப் பார்த்துக்கொண்டேன். அவன் பிறந்ததிலிருந்தே பார்த்ததை அன்றன்றைக்கு நோட்டில் எழுதி வந்தேன்.

உள்ளங்கையில் விரலை வைத்தால் பிடித்துக்கொள்கிறான் என்று முதல் வாரத்தில் இருக்கிறது. கதவு அடித்துச் சாத்தினால் இரண்டு கைகளும் விரிந்து, பிறகு நெஞ்சோடு சேரும். ஏழாம் வாரத்தில் இப்படி: "வலது கை பாதிதான் விரிந்தது. தூக்கக் கலக்கம்." அது காலை பதினொரு மணி. அவன் நன்றாக விழித்திருந்தான்.

நான்காம் மாதம் இடது கை மலர்ந்துவிட்டது. வலது கை கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியே இருந்தது. தம்பி மனைவிதான் முதலில் கேட்டாள்.

"மதினி, இந்தக் கையத் தொறக்கவே மாட்டேங்கான். டாக்டர்ட்ட காட்டுவமா?"

"ஒம் புருசனும் இப்பிடித்தான் கெடந்தான். நாந்தான தூக்கி வளத்தேன். கெட்டியாப் பிடிக்கதுக்கு ஒரு டாக்டராட்டி?" என்றேன். அவள் மாவுக்கடைக்குக் கிளம்பினாள். அன்று நோட்டில், "வலது பிடி பலம்."

ஐந்தாம் மாதம் கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடது கைதான் வந்தது. பயல் பீச்சாங்கையால்தான் சோறு தின்பான் போல என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். பந்தியில் நாலு பேர் முன்னால் அவன் இடது கையால் சாப்பிடுவதை நினைத்தாலே எனக்குக் கூசியது. மறுநாளிலிருந்து அந்தக் கையில் ஒரு சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டினேன். தினமும் மூன்று மணி நேரம். வலது கை அசையவில்லை. அவன் குனிந்து கிலுகிலுப்பையை வாயால் கவ்வப் பார்த்தான். "இடது கையில் சாக்ஸ், மூன்று மணி நேரம். அடம்" என்று எழுதினேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு நானும் தம்பி மனைவியும் போனபோது டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டு அவன் வலது கையை நெடுநேரம் நீட்டி மடக்கிப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று இந்தியில் கேட்டார். தேதியோடு சொல்ல என்னிடம் நோட்டு இருந்தது. ஒவ்வொன்றாக இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாம் மாதம் வந்ததும் சாக்ஸ் வரியை வாசிக்காமல் பக்கத்தைத் திருப்பினேன்.

"அந்த வரியையும் வாசிங்க, மதினி," என்றாள் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி.

வாசித்தேன்.

சாக்ஸால் வந்ததல்ல, பிறக்கும்போதே மூளையில் ஒரு பக்கம் அடிபட்டிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் உடனே காட்ட வேண்டும். நான்காம் மாதமே வந்திருந்தால் பயிற்சியை அப்போதே தொடங்கியிருக்கலாம். தொடங்கியிருந்தால் எவ்வளவு சரியாகியிருக்கும் என்று தம்பி மனைவி கேட்டாள். அதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸில் அவள் என்னிடம் பேசியது ஒன்றுதான். "இனி பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

அந்த வாரமே வேலையை விட்டாள். இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள், என்னைக் கூப்பிடுவதில்லை. நேற்று அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டினேன். உடம்பைத் திருப்பி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து வாங்கிக்கொண்டான். அவள் வந்து அவன் வலது கட்டைவிரலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டாள். கையை விட்டதும் அது மறுபடியும் உள்ளே போனது.