வெள்ளைத்துரை ஓட்டிய மிஷின்

பாண்டியம்மாளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு வேலையில் வேகம் கூட்டுவாள். கூட வேலை பார்த்த மிஷின் ஓட்டுநர் வெள்ளைத்துரையை வேலையைவிட்டு நிறுத்திய அன்றைக்கு, ஒயர் பற்றவைக்கும் சூடான சால்டரிங் கோலை அழுத்திய அழுத்தில் மேஜைப்பலகை கருகிப்போனது.

மதுரையில் ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. மோட்டார்களுக்குள் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் செய்தார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் கூலிக்குக் கரும்பு வெட்டிய குடும்பத்தில் பிறந்து, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, கருவிகளைப் பழுதுபார்க்கும் அறையில் சேர்ந்தவள் அவள். எண்பத்து நாலில் வெளிநாட்டு கிரைண்டிங் மிஷின் ஒன்று வந்திறங்கியது. சாணைச் சக்கரம் ஷாஃப்டைத் தேய்க்கும்போதே விரல் போன்ற ஓர் அளவுமானி அதைத் தொட்டபடி இருக்கும். தடிமனை மின்சாரச் சிக்னலாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். சரியான அளவு வந்ததும் பெட்டியே சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். வெள்ளைத்துரைக்கு ஷாஃப்டை மாட்டிக் கழற்றுவதுதான் வேலை.

ஆனால் ஷாஃப்ட்கள் அளவுக்கு மீறித் தேய்ந்து வர ஆரம்பித்தன. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிஷின் தப்புப் பண்ணாது, ஓட்டுகிறவன் கவனக்குறைவு என்று மேனேஜர் எழுதி, வெள்ளைத்துரையை வெளியே அனுப்பினார். அந்த மிஷினை வாங்கச் சொன்னவரே அவர்தான்.

பாண்டியம்மாள், சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பைத் தள்ளிக்கொண்டுபோய் மிஷின் அருகே உட்கார்ந்தாள். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் தொடங்கியதும் திரையில் ஓடிய கோடு தாறுமாறாகத் துள்ளியது. அந்த மின்சார இரைச்சலில் உண்மையான அளவு மூழ்கிப்போக, பெட்டி ஏமாந்து சக்கரத்தை இன்னும் உள்ளே விட்டது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அவள் மைக்ரோபிராசஸர் சிப் வைத்து ஒரு சர்க்யூட் போர்டு கட்டினாள். சிக்னலை விடாமல் படித்து, துள்ளியவற்றைத் தள்ளி, மிச்சத்துக்குச் சராசரி எடுத்து, கண் இமைப்பதற்குள் பெட்டிக்குச் சரியான அளவைச் சொல்லும் போர்டு. ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். வெல்டிங் நடக்கும்போதே ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஷாஃப்ட்கூடக் கெடவில்லை. மேனேஜர் சிரித்தார். வெள்ளைத்துரையைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அது முடிந்துபோன விஷயம், அதைக் கிளறாதே என்றார்.

அவள் போர்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அந்த அண்ணன் மேல தப்புன்னா மிஷின் நல்லாத்தான இருக்கு. பெறகு இது எதுக்கு சார்?"

வேலை போய்விடும் என்று மிரட்டினார். வேறு ஆளை வைத்து மாட்டப் பார்த்தார். போர்டை எப்படி இணைப்பது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. கெட்ட ஷாஃப்ட்கள் மறுபடி குவிந்தன. கடைசியில், வெள்ளைத்துரை வேலைக்கு வரட்டும் என்று சொல்லியனுப்பினார்.

ஆரப்பாளையத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் வெள்ளைத்துரை. அவள் சொன்னதைக் கேட்டதும் மூட்டையைப் பொத்தென்று போட்டார்.

"அம்புட்டுப் பேருக்கு முன்னால கவனமில்லாதவன்னு சொல்லி அனுப்புனாரு. இப்ப கமுக்கமா வரச் சொல்றாரா? வாரேன் தங்கச்சி. அதே எடத்துல, எம்மேல தப்பில்லன்னு அவரு வாயால சொல்லட்டும்."

அவருடைய கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படியே போய் மேனேஜரிடம் ஒப்பித்தாள்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடகடவென்று இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பினார். தொழிலாளிகள் ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைத்துரை கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

பாண்டியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல்முறையாக அந்தக் கொட்டகையில் அவள் குரல் உயர்ந்தது.

"சார் சொன்னது இதான். கோளாறு மிஷின்ல. வெள்ளைத்துரை அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவரை நிறுத்துனது தப்பு. சரிதான சார்?"

கொட்டகையே மேனேஜரைப் பார்த்தது. அவர் முகம் கறுத்தது. மறுக்க வழியில்லாமல் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அன்றைக்கே போர்டை மாட்டினாள். அந்த வருஷம் சம்பள உயர்வு அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வேறு ஆலைக்கு மாறிக்கொண்டாள். அந்த மேனேஜர் பேச்சு எடுத்தால் இப்போதும் அவள் உதடு இறுகும்.